நொடிக்கு மூன்று

மெதுவாக ஓடும் நிரல்களை வேகமாக்குவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. பெங்களூரில் பத்து வருடங்களுக்கு மேலாக இதையே செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் திறக்க நாலு விநாடி ஆகிறதென்றால், அந்த நாலு விநாடி எங்கே போகிறது என்று தேடிப் பிடித்து அதை ஒன்றாக்கிக் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய வித்தை மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால், யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன, இப்போது ஒருத்தரும் தொடத் துணியாத ஒரு பழைய துண்டு நிரல் உட்கார்ந்திருக்கும். எங்கள் பாஷையில் 'லெகசி கோட்'. அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் ஒரு பையன் சொல்வான். பழைய ஆட்கள் சிரிப்பார்கள்.

ரூபிஸ்கோவைப் பற்றி முதன்முதலாக விரிவாகப் படித்தபோது எனக்கு ஏதோ தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை என்பது ஒரு சமன்பாடு. இந்தப் பக்கம் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், வெளிச்சம். அந்தப் பக்கம் குளுக்கோஸ், ஆக்சிஜன். நடுவில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள்தான் ரூபிஸ்கோ இருக்கிறது. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரையோடு ஒட்டவைக்கும் நொதி. முழுப்பெயர் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் கார்பாக்சிலேஸ்/ஆக்சிஜனேஸ். 1979இல் சாம் வைல்ட்மன் என்கிற ஆராய்ச்சியாளர் ஓய்வுபெற்றபோது நடந்த கருத்தரங்கில், டேவிட் ஐசன்பெர்க் இதை விளையாட்டாகச் சுருக்கி ரூபிஸ்கோ என்றார். நபிஸ்கோ என்ற அமெரிக்க பிஸ்கட் கம்பெனியை வைத்து ஒரு கிண்டல். வைல்ட்மன் புகையிலை இலையிலிருந்து மனிதர் தின்னக்கூடிய புரதத்தை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால் அந்த ஜோக் இரட்டிப்பாக எடுபட்டது. பெயரும் ஒட்டிக்கொண்டது. நாம் சாப்பிடுகிற ஒவ்வொரு வாய்ச் சோற்றின் கார்பனும் இந்த பிஸ்கட் ஜோக் வழியாகத்தான் வந்திருக்கிறது.

இந்த நொதி மகா மெதுவானது. நொடிக்கு மூன்று வினைகள், நல்லதொரு வகையென்றால் பத்து வரை. உடம்பில் இருக்கும் சுமாரான நொதிகள்கூட நொடிக்கு நூற்றுக்கணக்கில் வேலை செய்யும். நம் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொடிக்குப் பத்து லட்சத்தைத் தொடும். ரூபிஸ்கோ, மூன்று.

செடி இதை எப்படிச் சமாளிக்கிறது? நாங்கள் செய்வதைத்தான் செய்கிறது. சர்வர் மெதுவாக இருந்தால் இன்னும் நூறு சர்வர் வாங்கிப் போடு. ஒரு நெல் இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை ரூபிஸ்கோதான். இலைக்குள் இருக்கும் நைட்ரஜனில் கால் பங்கு இதற்குள்ளேயே முடங்கிவிடுகிறது. விவசாயி கடையில் க்யூ நின்று வாங்கிப் போடும் யூரியாவில் ஒரு பங்கு, இந்த மந்தமான நொதியை மேலும் மேலும் அச்சடிப்பதற்காகப் போகிறது.

மெதுவாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தப்பும் செய்கிறது. கார்பன் டை ஆக்சைடு எது, ஆக்சிஜன் எது என்று அதற்குச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம். இந்தக் கூட்டத்துக்குள் சரியான ஆளைப் பிடிப்பதே பெரிய விஷயம்தான். ஆனாலும் 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ நாலைந்து முறைக்கு ஒருமுறை ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. பிடித்தால் ஒரு நச்சுப்பொருள் உருவாகும். அதைச் சுத்தம் செய்ய இலை ஒரு பெரிய சுற்று சுற்றுகிறது. பசுங்கணிகத்திலிருந்து பெராக்ஸிசோமுக்கு, அங்கிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு, மறுபடி பெராக்ஸிசோம் வழியாகப் பசுங்கணிகத்துக்கு. வழியில் ஏற்கெனவே கஷ்டப்பட்டுப் பிடித்த கார்பனில் ஒரு பகுதி திரும்பக் காற்றுக்கே போகிறது. அம்மோனியா வெளியாகிறது, அதை மீண்டும் பிடிக்கத் தனிச் செலவு. இதற்குப் பெயர் ஒளிச்சுவாசம். நெல், கோதுமை, சோயா மாதிரியான பயிர்களில் இதனால் போகும் விளைச்சல் 20 முதல் 50 சதவீதம் வரை இருக்கும் என்பது கணக்கு.

ஏன் இப்படி என்றால், ரூபிஸ்கோ உருவான காலத்தில் காற்றில் ஆக்சிஜனே கிடையாது. பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஒளிச்சேர்க்கை செய்த நுண்ணுயிர்கள்தான் பிறகு ஆக்சிஜனை வெளியே தள்ளித் தள்ளி, சுமார் 240 கோடி வருடங்களுக்கு முன்னால் வளிமண்டலத்தையே மாற்றின. தான் வெளியிட்ட கழிவிலேயே தான் தடுக்கி விழும் ஒரு நிரல். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது.

*

அழித்துவிட்டு நல்லதாக ஒன்றை எழுதினால் என்ன? அந்தப் புதுப் பையனின் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். 2006இல் டெர்கெஸ், ஃபார்குஹார், ஆண்ட்ரூஸ் மூவரும் எழுதிய ஒரு கட்டுரை அதற்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியது. ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் நன்றாகப் பிரித்தறியும் ரூபிஸ்கோக்கள் மெதுவாக இருக்கின்றன. வேகமானவை அதிகம் குழம்புகின்றன. ஒன்றை இழுத்தால் இன்னொன்று குறைகிறது. ஒவ்வொரு உயிரியும் தன் சூழலுக்கு ஏற்ற ஒரு சமரசத்தில் கிட்டத்தட்ட உச்சத்தில்தான் இருக்கிறது என்றார்கள். பிறகு இன்னும் நிறைய உயிரிகளின் தரவுகள் சேர்ந்தபோது அந்த உறவு அவ்வளவு இறுக்கமானதல்ல என்று தெரியவந்தது. கதவு மூடவில்லை. ஆனால் அகலத் திறக்கவுமில்லை.

மாற்றுவதும் லேசான வேலையில்லை. ரூபிஸ்கோ பதினாறு துண்டுகளால் ஆனது. எட்டு பெரியது, எட்டு சிறியது. பெரியதற்கான மரபணு பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது, சிறியதற்கான மரபணு செல்லின் உட்கருவில். மடித்துப் பொருத்துவதற்கு வேறு உதவிப் புரதங்கள் வேண்டும். 2014இல் கார்னெல், ராதம்ஸ்டெட் ஆட்கள் சேர்ந்து நீலப்பச்சைப் பாசியின் வேகமான ரூபிஸ்கோவைப் புகையிலைக்குள் வைத்துக் காட்டினார்கள். வேலை செய்தது. ஆனால் அந்தச் செடி கார்பன் டை ஆக்சைடு அதிகமாக ஊட்டப்பட்ட அறைக்குள்தான் வளர்ந்தது. பாசிக்கு அந்த வாயுவை ரூபிஸ்கோவைச் சுற்றி அடர்த்தியாகச் சேர்த்து வைக்கும் தனிப்பெட்டி உண்டு. செடிக்கு அது இல்லை. மாட்டைக் கொண்டுவந்துவிட்டு வண்டியை விட்டுவிட்டு வந்த மாதிரி.

லெகசி கோடை மாற்ற முடியாதபோது நாங்கள் என்ன செய்வோம் என்றால், பிழை கையாளும் பகுதியை மலிவாக்குவோம். பிழை வரட்டும், வந்தால் சுருக்கமாக முடி. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்தது அதுதான். அங்கே 2012இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் 'ரைப்' என்ற திட்டம் தொடங்கியது. ஸ்டீஃபன் லாங், டான் ஆர்ட் போன்றவர்கள் அதன் முகங்கள். 2019 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் பால் சவுத்தும் ஆர்ட்டும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில், மூன்று அறைகள் சுற்றிவரும் அந்த நீண்ட பாதைக்குப் பதிலாகப் பசுங்கணிகத்துக்குள்ளேயே முடியும் ஒரு குறுக்குவழியைப் புகையிலையில் அமைத்தார்கள். ஒரு மரபணு பச்சைப் பாசியிலிருந்து, இன்னொன்று பூசணியிலிருந்து. பழைய பாதைக்குப் போகும் வாசலில் இருக்கும் கடத்தியையும் பாதி அடைத்துவிட்டார்கள். வயலில் வைத்துப் பார்த்தபோது உயிர்த்திரள் 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. ஒரு நிரலில் 40 சதவீதம் வேகம் கூட்டினால் எனக்குப் பதவி உயர்வே கிடைக்கும். இவர்கள் 240 கோடி வருடங்களுக்கும் மேல் பழைய நிரலில் கூட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரையைப் படித்த வாரத்தில் ஊருக்குப் போயிருந்தேன். உற்சாகத்தில் பெரியப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுல பண்ணாங்க?" என்றார். புகையிலை என்றேன். "அப்ப இனிமே பீடி நெறைய கெடைக்கும்."

சோதனைக்கு எலி மாதிரி, மரபணு மாற்றச் சுலபமான செடி என்பதால்தான் புகையிலை என்று விளக்கினேன். அந்த விளக்கத்தை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

*

பெரியப்பா இருப்பது தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். மூன்று ஏக்கர் செம்மண். போர் தண்ணீர் எட்டும் இடத்தில் தக்காளி, எட்டாத இடத்தில் மானாவாரியாக ராகி, நிலக்கடலை. என் ஆயா காலத்தில் அந்த வீட்டில் மூன்று வேளையும் ராகிதான். காலையில் கூழ், மத்தியானம் களி. நெல்லுச்சோறு என்பது பொங்கல், தீபாவளி, யாராவது விருந்தாளி வந்தால். அரிசி தின்பவன் வசதிக்காரன். என் தலைமுறை வளர்வதற்குள் ரேஷன் அரிசி எல்லா வீட்டுக்கும் வந்து, களி என்பது 'சுகர் இருக்கறவங்க' சாப்பாடாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரூபிஸ்கோவின் குழப்பத்துக்கு இயற்கை ஏற்கெனவே ஒரு தீர்வு கண்டுபிடித்துவிட்டது. ராகிக்குள் அது இருக்கிறது. நெல்லுக்குள் இல்லை.

அந்தத் தீர்வுக்கு சி4 என்று பெயர். 1960களின் நடுவில் ஹவாயில் கரும்பை ஆராய்ந்தவர்களும், பிறகு ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் இதைத் துலக்கினார்கள். இதில் ரூபிஸ்கோவைத் தொடவே இல்லை. அதற்கு முன்னால் ஒரு வாட்ச்மேனை நிறுத்தியிருக்கிறது. இலையின் வெளிப்பக்க செல்களில் ஆக்சிஜனோடு குழம்பாத வேறொரு நொதி கார்பனைப் பிடித்து, நாலு கார்பன் அமிலமாக்கி, நரம்பைச் சுற்றி மாலை மாதிரி அமைந்திருக்கும் உள் செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அதைத் திறந்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு பல மடங்கு அடர்த்தியாகிவிடும். ரூபிஸ்கோ அந்த உள்ளறையில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் சரியான ஆள்கள்தான் என்றால் எவ்வளவு குழப்பவாதியும் சரியாகத்தானே பிடிப்பான். இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் சக்திச் செலவு உண்டு. ஆனால் வெயில் அதிகமுள்ள இடத்தில் லாபம்தான். இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை என்பதால் தண்ணீரும் மிச்சம்.

பரிணாமத்தில் இது 60 முறைக்கு மேல் தனித்தனியாக நடந்திருக்கிறது. மக்காச்சோளம், கரும்பு, சோளம், கம்பு, ராகி, தினை, சாமை, வரகு எல்லாம் சி4. அருகம்புல்லும் கோரையும்கூட. நெல், கோதுமை, பருப்பு வகைகள், கடலை, தக்காளி எல்லாம் பழைய ஏற்பாடு, சி3. நெல் வயலில் குனிந்து கோரை பிடுங்குகிறவர்கள், ஒளிச்சேர்க்கைக் கணக்கின்படி, நல்ல எஞ்சினைப் பிடுங்கி எறிந்துவிட்டு சுமாரான எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த எஞ்சினை நெல்லுக்குள் வைக்க வேண்டும் என்பது பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜான் ஷீஹி கண்ட கனவு. 2008இல் சி4 நெல் திட்டம் கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தோடு தொடங்கியது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் ஜேன் லாங்டேல் தலைமையில் போனது. நடந்தால் விளைச்சல் 50 சதவீதம் வரை கூடலாம் என்பது எதிர்பார்ப்பு. கஷ்டம் என்னவென்றால், இது ஒன்றிரண்டு நொதிகளை நுழைக்கும் வேலையில்லை. இலையின் கட்டடத்தையே மாற்ற வேண்டும். ராகி இலையில் நரம்புகள் நெருக்கமாக ஓடும். நெல் இலையில் தள்ளித் தள்ளி இருக்கும். நெல்லின் நரம்புறைச் செல்களில் பசுங்கணிகங்கள் கொஞ்சமாக, சிறிதாக இருக்கும். 2017இல் லாங்டேல் குழு மக்காச்சோளத்தின் மரபணுக்களை வைத்து அவற்றைப் பெரிதாக்கிக் காட்டியது. 2021இல் சி4 பாதையின் ஐந்து நொதிகளை ஒரே கட்டாக நெல்லில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் ஒரு படிதான். கட்டடம் இன்னும் எழும்பவில்லை.

இதையும் பெரியப்பாவிடம் சொன்னேன். "ஏண்டா, ராகிக்குள்ள இருக்கறத எடுத்து நெல்லுக்குள்ள வெக்கறதுக்கா இத்தனை பேரு? ராகியவே தின்னுட்டுப் போலாமில்ல?"

கிராமத்துப் பெரியவர் ஒருவர் ஒரே வாக்கியத்தில் விஞ்ஞானத்தைக் கவிழ்த்துவிடும் கதைகள் எனக்குப் பிடிக்காது. அந்த வாக்கியத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும். அன்றைக்கே திருப்பிக் கேட்டேன்: "ராகி அவ்ளோ நல்ல எஞ்சின்னா, ஏன் பெரியப்பா ஒரு ஏக்கர் நெல்லு அளவுக்கு ஒரு ஏக்கர் ராகி விளையறதில்ல?"

"அதுக்கு யாரு தண்ணி விட்டா? யாரு உரம் போட்டா?"

இது பதில்தான். ஆனால் முழுப் பதில் இல்லை. பயிரின் விளைச்சலை நாலு எண்களின் பெருக்கலாக எழுதலாம். விழும் வெளிச்சம் எவ்வளவு, அதில் இலைகள் பிடிப்பது எவ்வளவு, பிடித்ததில் உடம்பாக மாறுவது எவ்வளவு, அந்த உடம்பில் தானியத்துக்குப் போவது எவ்வளவு. ஒளிச்சேர்க்கை மூன்றாவது எண்ணில் வருகிறது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 மாதிரியான குட்டை ரகங்கள் அந்த மூன்றாவதைத் தொடவே இல்லை. வைக்கோலுக்குப் போனதைத் தானியத்துக்குத் திருப்பின. உரம் போட்டாலும் சாயாமல் நின்றன. நாலாவது எண்ணைத் தூக்கிய புரட்சி அது. ராகியில் அந்த வேலை மிகக் குறைவாகத்தான் நடந்தது. அதன் பூக்கள் அவ்வளவு சிறியவை, கையால் ஒட்டுக்கட்டுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. அதைச் செய்தவர் கர்நாடகத்தின் லக்ஷ்மணையா. மண்டியா பண்ணையில் இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 'இண்டாஃப்' ரகங்களைக் கொண்டுவந்தார். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டின் பெயரையும் சேர்த்தால் இண்டாஃப். அங்கே அவர் பெயரே 'ராகி லக்ஷ்மணையா' என்றாகிவிட்டது. நல்ல எஞ்சினின் மேல் பயிர்ப்பெருக்கமும் பணமும் சேர்த்துக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மக்காச்சோளம் சாட்சி. ராகிக்கு அந்த யோகம் அமையவில்லை.

ஆக, எங்கள் செம்மண்ணில் ராகியைத் தடுப்பது ஒளிச்சேர்க்கை இல்லை. ஆனால் தண்ணீரும் உரமும் கிடைத்து, நாலாவது எண்ணும் மேலே முட்டிவிட்ட நெல், கோதுமை, சோயா வயல்களில் மீதமிருப்பது மூன்றாவது எண் மட்டும்தான். அதன் கோட்பாட்டு உச்சம் சி3 பயிருக்கு 4.6 சதவீதம், சி4க்கு 6 சதவீதம் என்று லாங் குழு 2008இல் கணக்கிட்டது. வயல்களில் கிடைப்பது அதற்கு வெகு கீழே. இல்லினாய்க்காரர்களின் வாதம் இதுதான், அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

*

குறை தெரிவது வேறு இடத்தில். இலையில் கூட்டியது வயலில் கூடுகிறதா?

ரைப் திட்டத்தின் இன்னொரு வேலையை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் இலைக்குத் தேவைக்கு மேல் வெளிச்சம் கிடைக்கிறது. தாங்காது என்பதால் மிச்சத்தை வெப்பமாக வெளியே விட்டுவிடும். நல்ல பாதுகாப்பு. ஆனால் ஒரு மேகம் கடந்தாலோ, மேல் இலை அசைந்து நிழல் விழுந்தாலோ, அந்தப் பாதுகாப்பு உடனே தளராது. நிமிடக் கணக்காகும். அதுவரை நிழலில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் செடி வீணாக்கிக்கொண்டிருக்கும். கூட்டம் வந்தால் சர்வர்களைக் கூட்டி, கூட்டம் போன பிறகும் அரைமணி நேரம் ஓடவிட்டு பில் ஏற்றுகிற எங்கள் கிளவுட் மாதிரியேதான். 2016இல் க்ரோம்டைக், குவோவாட்ஸ்கா குழு மூன்று புரதங்களை அதிகமாக்கி அந்தத் தளர்வை வேகப்படுத்தியது. புகையிலை வயலில் 14 முதல் 20 சதவீதம் கூடுதல் உயிர்த்திரள்.

அதே மூன்று மரபணுக்களை இன்னொரு குழு அரபிடாப்சிஸ் செடியில் வைத்தது. வளர்ச்சி குறைந்தது. வேறொரு குழு உருளைக்கிழங்கில் வைத்தது. மாறும் வெளிச்சத்தில் கிழங்கு குறைந்தது. 2022இல் இல்லினாய் குழு சோயாவில் வைத்து வயலுக்குக் கொண்டுபோனது. 2020 பருவத்தில் சில வகைகளில் விளைச்சல் 33 சதவீதம் வரை ஏறியது, விதையின் புரதமும் குறையவில்லை. செய்தித்தாள்களில் அந்த எண்தான் வந்தது. 2021இல் செடிகள் சாய்ந்துவிட்டன, அந்த வருடம் தெளிவான லாபம் தெரியவில்லை என்பது கட்டுரைக்கு உள்ளே இருந்தது.

என் துறையில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு மெஷினில், ஒரு மாதிரித் தரவில், ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்து '33 சதவீதம் வேகம்' என்று ஸ்லைடு போடுவார்கள். உண்மையான போக்குவரத்தில் விட்டால் நெரிசல் அடுத்த முக்குக்கு நகர்ந்திருக்கும். தாமஸ் சின்க்ளேர் என்கிற பயிரியல் அறிஞர் 2004இலிருந்தே இதைத்தான் சொல்லிவருகிறார். மரபணுவில் பெரிதாகத் தொடங்கும் லாபம் நொதி, இலை, பயிர், தானியம் என்று ஒவ்வொரு படியிலும் தேய்ந்து கடைசியில் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். கூட விளைய வேண்டுமென்றால் கூட நைட்ரஜன் வேண்டும், அது எங்கிருந்து வரும்? 2023இல் 'நேச்சர்' இதழில் சில பயிர் மரபியலாளர்கள் இன்னும் நேரடியாக எழுதினார்கள்: பல இடங்கள், பல வருடங்கள், நல்ல ரகங்களோடு ஒப்பீடு, இவை இல்லாமல் விளைச்சல் கூடியது என்று சொல்லாதீர்கள். இதற்கு லாங் தரப்பின் பதிலும் வலுவானதுதான். திறந்த வயலில் கார்பன் டை ஆக்சைடை ஊதிவிட்டு வளர்த்த சோயாவில் ஒளிச்சேர்க்கை கூடியது, விளைச்சலும் கூடியது. மூன்றாவது எண்ணைத் தூக்கினால் கடைசி எண் நகராது என்பது பொய்.

சீனாவின் தென்பகுதியில் நெல்லிலேயே ஓர் ஒளிச்சுவாசக் குறுக்குவழியைச் சோதித்தார்கள். விளைச்சல் 7 முதல் 27 சதவீதம் வரை கூடியது. எந்தப் பருவத்தில் விதைத்தார்கள் என்பதைப் பொறுத்து. இந்த 7க்கும் 27க்கும் நடுவில்தான் ஒரு விவசாயியின் வருடம் இருக்கிறது.

தக்காளிக்காரரான பெரியப்பாவுக்கு அந்த நடுவே வேறு மாதிரி. "நாப்பது பர்சென்ட் கூட வெளைஞ்சா மண்டில கிலோ ரெண்டு ரூவா. பறிக்கற கூலிக்கே காணாது." பாலக்கோடு மண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நன்றாக விளைந்த வருடங்களில் தக்காளியை ரோட்டோரம் கொட்டியிருக்கிறார்கள். அவருடைய வயலில் ப்ரொஃபைலரை ஓடவிட்டால் முதல் வரியில் மண்டிதான் வரும், இரண்டாவது வரியில் போர் ஆழம். ரூபிஸ்கோ முதல் பக்கத்திலேயே வராது.

அதனால் இந்த ஆராய்ச்சியே வீண் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. காரணம் வெயில்.

*

வெப்பம் ஏற ஏற ரூபிஸ்கோ அதிகம் குழம்பும். சூடான நீரில் ஆக்சிஜனைவிடக் கார்பன் டை ஆக்சைடின் கரைதிறன் வேகமாகக் குறைகிறது, நொதியும் பிரித்தறியும் திறனை இழக்கிறது. 25 டிகிரியில் நாலைந்துக்கு ஒரு தப்பு என்றேன். 35இல் இன்னும் மோசம். நம் ஊர்களில் 35 என்பது மார்ச் மாதத்து நல்ல நாள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவது இதைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் அப்படி வளர்ந்த தானியத்தில் துத்தநாகம், இரும்பு, புரதம் குறைவதாக 2014இலேயே காட்டிவிட்டார்கள். கணக்கு அங்கேயும் இடிக்கிறது.

புகையிலையில் வைத்த குறுக்குவழியை இல்லினாய் குழு உருளைக்கிழங்கில் வைத்து 2022 பருவத்தில் வயலில் நட்டது. அந்த வருடம் பருவத்தின் ஆரம்பத்திலேயே வெப்ப அலைகள் வந்தன. யாரும் திட்டமிடாத சோதனை. மாற்றப்பட்ட செடிகளில் கிழங்கின் எடை 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. நல்ல நாளில் உச்சத்தைத் தூக்குவதற்காகச் செய்த வேலை கெட்ட நாளில் தரையைத் தூக்கியிருக்கிறது. இத்தனை கட்டுரைகளில் நான் இரண்டு முறை படித்தது இது ஒன்றைத்தான். பெரியப்பா மாதிரி ஆள்களுக்கு நல்ல வருடத்தில் கூடும் 30 சதவீதம் மண்டிக்காரனுக்குப் போகும். கெட்ட வருடத்தில் தப்பிக்கும் 30 சதவீதம் வீட்டுக்கு வரும்.

இதிலும் ஒரு கொக்கி உண்டு. உருளை என்பது கிழங்கு. இலையில் சர்க்கரை இருந்தால் கீழே இறங்கும். நெல்லுக்கு அது போதாது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகிவிடும். இலை எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும் நிரப்புவதற்கு மணி இருக்காது. தக்காளியும் அப்படித்தான், போன கோடையில் பெரியப்பா வயலில் பூ மொத்தமும் கொட்டியது. "இலை பச்சையாத்தான்டா இருந்துச்சு" என்று அவர் சொன்னது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. அந்தச் செடிகளுக்கு ஒளிச்சேர்க்கையில் குறையே இருந்திருக்காது.

அந்தப் பூ கொட்டிய கால் ஏக்கரில் இந்த வருடம் ராகி விதைத்திருக்கிறார். விலை கொஞ்சம் பரவாயில்லை என்பதும் காரணம். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், நிலத்துக்கு வரமாட்டார். மிச்சத்தை மாந்தோப்பாக்கிவிடலாமா, லே-அவுட் போடுகிறவனுக்குக் கொடுத்துவிடலாமா என்று பெரியம்மா வாராவாரம் கேட்கிறார். பெரியப்பாவுக்கு 68 வயது. சி4 நெல் வந்தால் எப்போது வரும் என்று என்னிடம் அவர் கேட்டபோது, திட்டம் தொடங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் எத்தனை ஆகுமென்று சொல்ல முடியாது என்றேன். வந்தாலும் இந்தியாவில் அனுமதி என்பது தனிக் கதை. பி.டி. கத்திரிக்காய் 2010இல் நின்றது நின்றபடியே இருக்கிறது.

"வந்துச்சுன்னா, அந்த வெதையை எடுத்து வெச்சு அடுத்த வருசம் போடலாமா? இல்ல வருசா வருசம் கடைக்கி ஓடணுமா?"

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர், வீரிய ஒட்டாக இல்லாத வரைக்கும் குணம் அப்படியே விதையில் இறங்கும் என்றேன். விதையை எடுத்துவைத்து விதைக்கவும், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கவும் 2001ஆம் வருடச் சட்டத்தில் விவசாயிக்கு உரிமை இருக்கிறது, பிராண்ட் பெயர் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான் என்றும் சொன்னேன். ரைப் ஆட்களும் சிறு விவசாயிகளுக்குக் கிடைக்கும்படி செய்வோம் என்றுதான் சொல்லிவருகிறார்கள்.

சட்டம் பேசிய பகுதியை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விதையில் இறங்கும் என்பதை மட்டும் இன்னொருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"அப்ப வர்றப்ப ஒரு படி கொண்டா."